கொடுத்தலும் கேட்டலும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டின் நினைவாக ஓர் உதவி நிதியம் ஆரம்பிப்பதென்று எங்கள் செயற்குழு தீர்மானித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கஷ்டப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகள் படிப்பை இடையில் விடாதிருக்க அது கைகொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். அதையொட்டி வறுமை நிவாரணம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பொதுவாக நாலு வார்த்தை சொல்வதிலும், இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு ஸ்தாபனத்தின் கதையைச் சொல்வது எங்களுக்குக் கூடப் பயன்படும் என்று நினைத்தேன். அதுதான் பிரித்தானியாவின் ‘கிறிஸ்ரியன் எயிட்’. நான் அதன் ஊழியர் அல்ல. லண்டனில் வாழ்ந்த காலத்தில், மே மாதங்களில் அதன் கடித உறைகளை வீடு வீடாகக் கொண்டுபோன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி, அவ்வளவுதான்.

இந்த ஸ்தாபனம் 1945இல் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா இடிபாடாகக் கிடந்த நேரம். வீடிழந்தவர்கள், ஊரிழந்தவர்கள், உறவைத் தேடி அலைந்தவர்கள் எனப் பல இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். பிரித்தானிய, அயர்லாந்துத் திருச்சபைகள் ஒன்றுகூடி ‘ஐரோப்பாவில் கிறிஸ்தவப் புனரமைப்பு’ என்ற பெயரில் இவர்களுக்கு உதவத் தொடங்கின. நேற்றுவரை எதிரியாக இருந்த நாட்டு மக்களும் அந்த உதவியைப் பெற்றார்கள்.

இதைக் கவனியுங்கள். இன்று ஆபிரிக்காவோடும் ஆசியாவோடும் சேர்த்துப் பேசப்படும் ஒரு ஸ்தாபனம் முதலிற் சோறு கொடுத்தது வெள்ளைக்காரருக்கு. ஏழை என்று ஓர் இனம் இல்லை. நேற்றுக் கொடுத்தவர் நாளை வரிசையில் நிற்கலாம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் வைத்தியரும் இருந்தார், வங்கி முகாமையாளரும் இருந்தார், எங்கள் ஆசிரியைகளும் இருந்தார்கள்.

1952இல் இந்தப் பணிக்குப் பொறுப்பாக ஒரு பெண் வந்தார். பெயர் ஜனற் லேசி. 1903இல் இங்கிலாந்தின் வடகிழக்கே சண்டர்லாந்து என்ற இடத்திற் பிறந்தவர். நாடகம் பயின்று, பிறகு இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். போர் முடிந்த கையோடு ஜேர்மனியில் பணிபுரிந்து, அழிந்த நகரங்களையும் அகதிகளையும் கண்ணாற் கண்டவர். திருச்சபையின் மேடைகளெல்லாம் ஆண்களின் கையில் இருந்த காலத்தில், லண்டன் சென் போல்ஸ் பேராலயத்திற் பிரசங்கம் செய்த முதற் பெண்ணும் அவர்தான். பிள்ளைகளே, இந்தப் பெயரை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1957இல் அவர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். ஆண்டில் ஒரு வாரம் கோவிலுக்குள் காணிக்கை எடுப்பதோடு நில்லாமல் தெருவுக்கு இறங்குவது. ‘கிறிஸ்ரியன் எயிட் வாரம்’ என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டில் ஏறத்தாழ 200 பட்டினங்களும் கிராமங்களும் பங்குபற்றின. சேர்ந்த தொகை 26,000 பவுண். அந்த வாரம் இத்தனை பிரபலமாயிற்று. 1964இல் ஸ்தாபனமே தன் பழைய நீண்ட பெயரை விட்டுக் ‘கிறிஸ்ரியன் எயிட்’ என்று மாற்றிக்கொண்டது.

அந்த வாரம் நடக்கும் முறை மிக எளிது. தொண்டர் ஒருவர் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறிய உறையைப் போட்டுவிட்டு வருவார். சில நாள் கழித்துப் போய்க் கதவைத் தட்டுவார். வீட்டுக்காரர் விரும்பியதை உள்ளே வைத்து ஒட்டிக் கொடுப்பார். எவ்வளவு என்று தொண்டருக்குத் தெரியாது. பத்துப் பவுண் வைத்த வீட்டுக்கும் பத்துப் பென்ஸ் வைத்த வீட்டுக்கும் ஒரே ‘நன்றி’தான். பிறகு கோவில் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்து உறைகளைப் பிரித்து எண்ணிக் கணக்கெழுதுவார்கள். எங்கள் ஊரிலும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசியால் தருமம் நடத்திய வழக்கம் இருந்தது. சமயம் வேறு, நாடு வேறு. சிறுகச் சேர்த்துப் பெரிதாகச் செய்யும் முறை ஒன்றுதான்.

ஆனால், உறையை நிரப்புவதோடு கதை முடியவில்லை. கொடுக்கிறவர்கள் சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டி வந்தது. அவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று உதவி பெறுவோரிடம் கேட்பது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. நடைமுறையில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். 2004 ஆழிப்பேரலையின் பிறகு எங்கள் வெயிற் கரைகளில் வந்து குவிந்த பொருட்களிற் குளிர்கால அங்கிகளும் இருந்தன. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள்; ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. கிறிஸ்ரியன் எயிட் பெரும்பாலும் தன் ஆட்களை இறக்கித் தானே எல்லாம் செய்வதில்லை. அந்தந்த நாட்டிலே ஏற்கெனவே வேலை செய்யும் உள்ளூர் அமைப்புகளைப் பங்காளிகளாகக் கொண்டு, அவற்றின் ஊடாகவே உதவுகிறது. சமயம் பார்த்துக் கொடுப்பதுமில்லை. தேவையை மட்டுமே பார்ப்பது என்பது அதன் கொள்கை.

இரண்டாவது, “ஏன் இந்த வறுமை?” என்று பலமுள்ளவரிடம் கேட்பது. பசித்தவருக்குச் சோறு போட்டால் எல்லோரும் புகழ்வார்கள்; ஏன் பசிக்கிறது என்று கேட்டாற் சிலருக்குக் கோபம் வரும். “திருச்சபைக்கு அரசியல் எதற்கு?” என்பார்கள். ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கொக்கோ விளைவிக்கும் விவசாயிக்குக் கிடைப்பது சொற்பம், சொக்கலேற்றின் விலையோ பெரிது. இதைப் பார்த்துக் கிறிஸ்ரியன் எயிட்டும் ஒக்ஸ்பாமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 1992இல் பிரித்தானியாவில் நியாய வர்த்தக நிதியத்தை நிறுவின. விவசாயிக்கு நியாயமான விலையும், அவர்களது சங்கம் தன் விருப்பப்படி ஊர்த் தேவைக்குச் செலவிட ஒரு மேலதிகத் தொகையும் கிடைத்தால் அப்பொருளுக்கு முத்திரை வழங்கப்படும். 1994இல் அந்த முத்திரையைப் பெற்ற முதற்பொருள் ஒரு சொக்கலேற். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டு மாயா விவசாயிகளின் கொக்கோவிற் செய்தது. எங்கள் மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்களை நினைத்தால், கோப்பையிலுள்ள தேநீரின் விலையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எங்களுக்கும் உரியதுதான்.

அடுத்தது கடன். 1970களில் வறிய நாடுகள் பலவற்றுக்குத் தாராளமாகக் கடன் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்களிற் சர்வாதிகாரிகளும் இருந்தார்கள். வட்டி ஏறியது, விளைபொருள் விலை விழுந்தது, கட்டவேண்டியவர்களோ ஒன்றும் அறியாத மக்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணம் வட்டியாகப் போயிற்று. உண்டியலிற் சேர்த்து அனுப்பும் பவுண்களைவிடக் கடனாகத் திரும்பிவரும் பவுண்கள் பல மடங்கு என்று கண்டபோது, தொண்டு ஸ்தாபனங்கள் வாய் திறந்தன. லேவியராகமத்திலே ஐம்பதாவது ஆண்டை விடுதலையின் ஆண்டாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெயரிலேயே ‘ஜூபிலி 2000’ இயக்கம் எழுந்தது. கிறிஸ்ரியன் எயிட்டும் அதில் முன்னின்றது. 1998 மே 16ஆந் திகதி, பணக்கார நாடுகளின் தலைவர்கள் பேர்மிங்காமிற் கூடியிருந்தபோது, ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். உறை கொண்டுபோகும் அதே சாதாரண மனிதர்கள்தான், பாட்டிமாரும் பள்ளிப்பிள்ளைகளும்கூட. அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டிற் பெரிய அளவிலான கடன் நிவாரணத்துக்குத் தலைவர்கள் இணங்கினார்கள். 2022இல் நாட்டின் கடனைக் கட்ட முடியாமற் போய், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்முழுக்க நின்ற எங்களுக்குக் கடன் என்பது வெறும் கணக்குப் புத்தக விடயம் அல்ல என்பது தெரியும்.

மூன்றாவது, “கொடுத்த பணம் எங்கே போயிற்று?” என்று எங்களிடமே கேட்பது. இதற்கு உகண்டாவைச் சொல்கிறேன். அங்கே 1997இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை நீக்கினார்கள். முதலில் ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு இலவசம். பெண்பிள்ளைகள் உள்ள வீடானால் அந்த நால்வரில் இருவர் பெண்களாக இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். சுமார் 30 இலட்சமாயிருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 50 இலட்சத்தைத் தாண்டிற்று. 1998இற் கடன் நிவாரணம் கிடைத்தபோது, மிஞ்சிய பணத்தைக் கல்விக்கும் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று தனி நிதியமாக ஒதுக்கினார்கள். வகுப்புகள் நெரிந்தன, ஆசிரியர் போதவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் கதவு திறந்தது.

அதே நாட்டில் இன்னொரு விடயமும் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, பள்ளிகளின் செலவுக்கென்று அரசு ஒதுக்கிய பணத்தில் நூற்றுக்கு 13 பங்கு மட்டுமே சராசரியாகப் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மிகுதி இடையிலேயே கரைந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதைப் பத்திரிகைகளிற் போட்டார்கள். பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டினார்கள். பெற்றோர் வாசித்தார்கள், கேட்டார்கள். 2001 அளவில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அறிவித்தல் மட்டுமே காரணமல்ல என்று வாதிடுவோரும் உண்டு. ஆனாற் கணக்கை எல்லோரும் காணும்படி வைத்ததால் யாருக்கும் கேடு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இனி எங்கள் நிதியத்துக்கு வருவோம். நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

எங்கள் பகுதிகளில் உதவி வழங்கும் வைபவங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடையில் ஒரு பிள்ளை. கையில் ஒரு கொப்பிக் கட்டு அல்லது சைக்கிள். மறுபக்கத்திற் கொடுத்தவர், நடுவிற் பிரமுகர், முன்னாற் கமரா. மாலையில் அந்தப் படம் முகநூலில் வந்துவிடும். மறுநாட் காலை அந்தப் பிள்ளை அதே வகுப்புத் தோழிகளுடன் இருந்து படிக்கவேண்டும். பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு அது எப்படியிருக்கும் என்பதை, இதே வாங்குகளில் இருந்து படித்த நாங்கள் அறியாமல் இருக்க முடியாது. உறையை ஒட்டித்தரச் சொன்னவர்கள் கொடுப்பவரின் கூச்சத்தையே காத்தார்கள். பெறுபவரின் மானத்தை நாங்கள் காக்கவேண்டாமா?

ஆகவே மூன்று விடயங்களை நிதியத்தின் யாப்பிலேயே எழுதிவைக்கும்படி பொதுச்சபையை வேண்டுகிறேன். ஒன்று, உதவி பெறும் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் எங்கும் வெளியிடப்படலாகாது. மேடை வைபவமும் வேண்டாம். இரண்டு, என்ன கொடுப்பதென்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து நாங்கள் தீர்மானிப்பதை விட்டு, வகுப்பாசிரியையிடமும் தாயிடமும் பிள்ளையிடமும் முதலிற் கேட்கவேண்டும். மடிக்கணினி அனுப்ப நாங்கள் ஆயத்தமாக இருக்கலாம்; பிள்ளைக்கு வேண்டியது பஸ் கட்டணமோ மூக்குக் கண்ணாடியோ காலைச் சாப்பாடோவாக இருக்கும். மூன்று, வந்த பணமும் போன பணமும் ஆண்டுதோறும் கல்லூரி அறிவித்தற் பலகையிலும் சங்க மலரிலும் வெளியிடப்பட வேண்டும். பெரிய தொகை, சிறிய தொகை என்று நன்கொடையாளரை வரிசைப்படுத்தவும் வேண்டாம்.

சகோதரிகளே, இந்தச் சங்கத்தின் நூறு ஆண்டுகளில் எத்தனையோ கைகள் எங்களைத் தூக்கிவிட்டன. அவர்களிற் பலரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் அதைக் கேட்கவுமில்லை. அந்த வழியிலேயே இந்த நிதியமும் நடக்கட்டும். பொதுச்சபை நாளை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்திற் கூடுகிறது. எல்லோரும் வாருங்கள், பேசி முடிவெடுப்போம்.