சோழமண்டலக் கரையும் சீன அரசியல் ஆய்வும்: மாநாட்டுத் தலைமை உரை



சீன நாட்டின் உள்நாட்டு அரசியல், அயலுறவுக் கொள்கை, அதனைச் சூழ்ந்த நாடுகளின் பாதுகாப்பு ஆகியவற்றை ஆராயும் அவை ஒன்று தில்லியில் கூடாமல் சிதம்பரத்தில் கூடுவது ஏன் என்ற கேள்வி எழக்கூடும். 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போருக்குப் பின் இந்தியாவில் சீனாவைப் பற்றிய சிந்தனை பெரும்பாலும் இமயமலையிலேயே நிலைகொண்டுவிட்டதால், வங்காள விரிகுடாவின் கரையில் இருக்கும் கடலூர் மாவட்டம் அந்தச் சிந்தனையின் விளிம்பில்கூட இடம்பெறுவதில்லை. அந்த நிலை ஆய்வுக்குக் கேடானது என்பதே இவ்வுரையின் கருத்து.

1920இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்தது. அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், மெகஸ்தனீஸ் முதல் மா ஹுவான் வரையிலான அயல்நாட்டார் தென்னிந்தியாவைப் பற்றி எழுதிய குறிப்புகளைத் தொகுத்து 1939இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். மா ஹுவான் என்பவர் 15ஆம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படையோடு மொழிபெயர்ப்பாளராகக் கடலோடிய சீனர். சீனர் தமிழகத்தை எவ்வாறு கண்டனர் என்பதைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அத்தொகுப்பால் எளிதாயிற்று. சோழ அரசருக்குக் காம்போஜ (இன்றைய கம்போடியா) அரசன் காட்சிப்பொருளாகக் காட்டிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதைக் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு கூறுவதால், கீழைக்கடல் அரசியல் இவ்வூருக்கு அயலான பொருளும் அன்று.

சோழரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவின் சுங் அரசவையை அடைந்ததாகச் சீன அரச வரலாறு பதிவுசெய்கிறது. இவற்றுக்கு நடுவே, 1025 அளவில், முதலாம் இராசேந்திரனின் படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கிக் கடாரத்தை வென்றது. ஸ்ரீவிஜயம் என்பது சுமத்திராவை நடுவாகக் கொண்டு மலாக்கா நீரிணையின் வணிகத்தைக் கட்டுப்படுத்திய அரசு. இந்த வெற்றிக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1106இல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர் சீனத் தலைநகருக்கு வந்தபோது, அவர்களை எந்தத் தகுதியில் வரவேற்பது என்ற கேள்வி எழுந்தது. சோழருக்குத் தந்த தகுதியையே தரலாம் என்று முதலில் கருதப்பட்டது. சடங்குத் துறையினரோ அதை மறுத்து, சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது, ஆகவே அதன் அரசனுக்குத் தடித்த தாளில் எழுதி எளிய உறையிலிட்டு அனுப்பினோம், பகான் மன்னனோ பெருநாட்டின் தலைவன் என்று வாதிட்டனர்.

வென்றவன் அடங்கியவனாகவும் தோற்றவன் மேலானவனாகவும் ஒரு பேரரசின் ஏட்டில் ஏறிவிட்ட இந்தச் செய்தியை வேடிக்கையாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஸ்ரீவிஜயத்தார் இடையில் நின்று தம் வணிக நலனுக்காகத் தவறான செய்தியைத் தந்திருக்கலாம் என்று தான்சென் சென் போன்ற ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எவ்வாறாயினும், சீன அரசு ஆவணம் ஒன்றைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இதில் அடங்கியுள்ளன: செய்தி யார் வழியாக வந்தது, எந்த அலுவலகம் அதை எழுதியது, அந்த அலுவலகத்துக்கு அதனால் ஆவது என்ன, அதைச் சரிபார்க்கும் வேற்றுச் சான்று எங்கே உள்ளது. பீகிங்கின் அயலுறவு அமைச்சகம் இன்று வெளியிடும் அறிக்கையையும் இதே கேள்விகளோடுதான் படிக்க வேண்டும். அங்கே கொள்கையை வகுக்கும் அதிகாரம் அமைச்சகத்தைவிடக் கம்யூனிஸ்ட் கட்சியிடமே மிகுதி. கட்சியின் உயர்மட்டத் தலைவர்கள் சிலரைக் கொண்ட அரசியல் குழுவின் நிலைக்குழுவும், படைகளை ஆளும் மத்திய இராணுவ ஆணையமும் எடுக்கும் முடிவுகளைப் பிறருக்கு எடுத்துரைப்பதே அமைச்சகத்தின் வேலை. இதை அறியாமல் அமைச்சகச் செய்தித் தொடர்பாளரின் ஒவ்வொரு சொல்லையும் சீனாவின் இறுதி நிலைப்பாடாகக் கொண்டு கட்டுரை எழுதுவோர் நம்மிடையே குறைவில்லை.

இத்துறையில் ஒருவரின் கல்விப் பணி நீண்டது, பொறுமையைச் சோதிப்பது. சாந்திநிகேதனில் 1937இல் சீன அறிஞர் தான் யுன்ஷானின் முயற்சியால் சீன பவனம் அமைந்தது; தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் 1964இல், அதாவது போரில் பட்ட அடிக்குப் பின்னரே, தோன்றியது. அடி விழுந்த பின் படிக்கத் தொடங்கும் இந்தப் பழக்கம் இன்னும் முழுமையாக மாறவில்லை. 2020 சூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிர் துறந்தபோது (அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தவர்) தமிழ் ஊடகங்களில் பேசியவர்களுள் சீன மொழியின் ஒரு நாளிதழையேனும் நேரடியாகப் படிக்கக்கூடியவரைக் காண்பது அரிதாயிருந்தது.

தமிழகத்தின் பங்களிப்பு இல்லை என்பது இதன் பொருளன்று. இந்திய அயலுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய, சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் எல்லைத் தகராறு குறித்த பிரித்தானிய ஆவணங்களை இலண்டனில் ஆராய்ந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை வழிநடத்தி ஒரு தலைமுறையின் உத்திச் சிந்தனையை உருவாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. சூரியநாராயண் இலங்கையையும் தென்கிழக்காசியாவையும் தமிழகக் கரையிலிருந்து நோக்கினார். இவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். தமிழில் சீனாவைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதிய வெ. சாமிநாத சர்மாவுக்குப் பின் அவ்வரிசை மெலிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

பிராந்தியப் பாதுகாப்பு என்பது ஒரு நிலப்பகுதியிலோ கடற்பகுதியிலோ உள்ள நாடுகளின் அச்சங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நிலை. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஏறத்தாழ 112 கோடி டாலருக்கு, சீன நிறுவனத்திடம் சென்றது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரவல்ல யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் 2022 ஆகஸ்டில் அங்கு வந்து நின்றது. அதற்கு முன்பே, 2021 தொடக்கத்தில், இராமேசுவரத்துக்கு அண்மையில் உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் மின் திட்டம் அமைக்கும் பணியைச் சீன நிறுவனத்துக்கு வழங்க இலங்கை முடிவுசெய்தது, இந்தியா எதிர்த்தது, இறுதியில் அத்திட்டம் இந்திய நிதியுதவிக்கு மாறியது. பாக் நீரிணையில் வலை விரிக்கும் மீனவர் இந்நிகழ்வுகளைத் தம் அன்றாடத் தொழிலின் பகுதியாகவே காண்கின்றனர்.

அம்பாந்தோட்டையைக் 'கடன் பொறி' என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிடுவது பொருத்தமற்றது. குத்தகைப் பணம் துறைமுகக் கடனை நேரடியாகத் தீர்க்கச் செலவிடப்படவில்லை. இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் மேலைச் சந்தைகளில் விற்ற கடன் பத்திரங்களின் பங்கு பெரிது. இவ்வளவும் தெரிந்த பின்னரும் துறைமுகத்தின் படைவகைப் பயன் பற்றிய ஐயம் எஞ்சி நிற்கிறது. ஆனால் அப்போது அது ஆராய்ந்தவரின் ஐயமாக இருக்கும்.

இக்கடலில் உலவும் ஆய்வுக் கப்பல்கள் திரட்டும் அளவீடுகள் எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு விடை காண வெளியூர் செல்ல வேண்டியதில்லை. கடல்நீரின் வெப்பம், உப்புத்தன்மை, அழுத்தம் ஆகியவையே நீருக்குள் ஒலி செல்லும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மீன்வளத்துக்காகத் திரட்டும் அளவீடுகள் நீர்மூழ்கிக் கப்பலை மறைக்கவும் கண்டுபிடிக்கவும் உதவும். ஒரே பொருள் குடிமை, படை என்னும் இரு துறைக்கும் உதவுவதையே இரட்டைப் பயன்பாடு என்பர். வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்குள்ளோரும் அரசியல் அறிவியல் துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்தால் தில்லியின் ஆய்வு நிறுவனங்கள் எளிதில் செய்ய இயலாத பணி இங்கு நடைபெறும்.

மாநாட்டில் பங்குகொள்வோர் தம் அமர்வுகளின் முடிவில் இரண்டு தீர்மானங்களை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று இத்தலைமை கேட்டுக்கொள்கிறது. தமிழகப் பல்கலைக்கழகங்களில் அரசியல், வரலாறு பயிலும் முதுகலை மாணவருக்குச் சீன மொழியை இரண்டு ஆண்டுகளேனும் முறையாகக் கற்பிக்க வழிசெய்யப்பட வேண்டும். பரங்கிப்பேட்டையும் சிதம்பரமும் இணைந்து வங்காள விரிகுடா பாதுகாப்பு குறித்து ஆண்டுதோறும் தமிழில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும்.