விசிறி இறக்கையும் மின்சாரக் கட்டணமும்



வழமையாக இந்த நேரத்தில் நான் வருமான வரியைப் பற்றி அல்லது வீட்டுக் கடனைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கு விசிறியைப் பற்றிப் பேசப் போகிறேன். வீட்டு மேசையில் வைக்கும் சின்ன விசிறி அல்ல. தொழிற்சாலைச் சுவரிலும் கூரையிலும் சுழல்கிற, ஓர் ஆளின் உயரத்தைவிடப் பெரிய விசிறி. கணக்காளனுக்கு இதிலே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களில் பலரைப் போல நானும் இங்கே வந்த புதிதில் வணிகப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவன். பிறகுதான் படித்துக் கணக்காளன் ஆனேன். சில வருடங்களுக்கு முன்னர், எங்கள் ஆள் ஒருவர் நடத்திய பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றின் கணக்கைப் பார்த்தேன். மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பெரிய விசிறிகளில் ஒன்றை நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கடுதாசியில் அது நல்ல யோசனை. ஆனால் அது ஆடி மாதம். இரண்டாவது கிழமையே, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், பெரிய ஆபத்து எதுவும் இல்லை. நான் பார்க்கப் போனபோது அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நீங்களும் உதுக்குள்ள நிண்டு வேலை செய்தனீங்கள்தானே" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாளே விசிறியைத் திரும்பவும் போட்டார்கள். கட்டணம் அப்படியே இருந்தது. அதற்கு வழி சொன்னவர், அங்கே பராமரிப்பு வேலை செய்த ஓர் ஐயா. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடப்படும்வரை அங்கே இயந்திரப் பகுதியில் இருந்தவர். சீமெந்துச் சூளையின் புகையை இழுப்பதும், உள்ளே சுட்டெடுத்த கட்டிகளைக் குளிர வைப்பதும் பெரிய விசிறிகள்தான். அவர் சொன்னார்: "தம்பி, விசிறியை நிப்பாட்டாதேங்கோ. அதின்ரை இறக்கையைப் பாருங்கோ."

நான் அவரிடம் கற்றதையும் பிறகு தேடி வாசித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விசிறியின் இறக்கை விமானத்தின் இறக்கையைப் போல வேலை செய்கிறது. காற்று அதன் முன்விளிம்பில் பிரிந்து, இரு பக்கமும் ஒட்டியபடி வழுக்கிப் போனால், மோட்டர் கொடுக்கும் சக்தி காற்றை நகர்த்தப் பயன்படும். ஒட்டாமல் பிரிந்து சுழித்தால் அந்தச் சக்தி சத்தமாகவும் அதிர்வாகவும் வீணாகும்.

3 மீற்றர் விட்டமுள்ள விசிறி ஒன்று நிமிடத்துக்கு 300 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். இறக்கையின் நுனி செக்கனுக்கு 47 மீற்றர் வேகத்தில் போகும். நடுவிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் உள்ள பகுதியோ 16 மீற்றர் வேகத்தில்தான் போகும். ஆகவே ஒரே சரிவுள்ள தட்டையான தகடு இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. நல்ல இறக்கை அடியில் அகலமாகவும் கூடிய சரிவாகவும், நுனியில் ஒடுங்கிச் சரிவு குறைந்தும், முறுக்கினாற் போல இருக்கும். இது புதிய யோசனை அல்ல. ஜோன் சிமீற்றன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் காற்றாலைப் பாய்களை வைத்துப் பரிசோதனை செய்து, பாயை எப்படி முறுக்க வேண்டும் என்று 1759 ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

அடுத்தது நுனி இடைவெளி. இறக்கையின் நுனிக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையில் வெளி கூடினால், அழுத்தம் கூடிய பக்கத்துக் காற்று அந்த வெளியால் பின்பக்கம் திரும்பி ஓடும். வாளியில் ஓட்டை இருப்பது போலத்தான். நடுவில் குடத்தைச் சுற்றியும் இதே கசிவு உண்டு. அங்கே வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தி அடைக்கலாம். எல்லா இறக்கைகளும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா, முன்விளிம்பில் தூசும் எண்ணெயும் படிந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

இறக்கையையே மாற்றுவதும் உண்டு. குளிர்விக்கும் கோபுரங்களின் பழைய உலோக இறக்கைகளுக்குப் பதிலாக, நல்ல வடிவமுள்ள கண்ணாடி நார் இறக்கைகளைப் பொருத்தினால் 20 முதல் 30 வீதம் வரை மின்சாரம் மிச்சமாகலாம் என்று இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கைநூல் சொல்கிறது.

இனி ஒரு திமிங்கிலக் கதை. பிராங்க் பிஷ் என்ற அமெரிக்க உயிரியல் பேராசிரியர், பொஸ்ரன் நகரில் ஒரு கடையில் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் சிலை ஒன்றைக் கண்டார். அதன் துடுப்பின் முன்விளிம்பில் முண்டு முண்டாக இருந்தது. சிற்பி பிழை விட்டுவிட்டார் என்று நினைத்தார். பிறகு விசாரித்தால் உண்மையான திமிங்கிலத்துக்கே அப்படித்தான். அவரும் வேறு ஆய்வாளர்களும் மாதிரித் துடுப்புகளைக் காற்றுக்குகையில் வைத்துச் சோதித்து 2004 இல் முடிவை வெளியிட்டார்கள். முண்டுகள் உள்ள துடுப்பில், காற்றுப் பிரிந்து தூக்குவிசை இழக்கும் கோணம் ஏறக்குறைய 40 வீதம் தள்ளிப் போனது. முண்டுகளுக்கு இடையால் ஓடும் காற்று சிறு சுழிகளாகி, மேற்பரப்பை விட்டு விலகாமல் ஒட்டி நிற்பதே காரணம்.

இதை விசிறிக்குக் கொண்டுவந்தவர்கள் கனடாக்காரர். ரொறன்ரோவின் வேல்பவர் நிறுவனத்தின் உரிமத்துடன், ஒன்ராறியோவின் என்விரா-நோர்த் நிறுவனம் 24 அடி விட்டமுள்ள கூரை விசிறிகளைச் செய்தது. பத்து இறக்கைகளின் வேலையை முண்டு வைத்த ஐந்து இறக்கைகள் செய்கின்றன, மின்சாரம் 20 வீதம் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இறக்கை ஏற்கெனவே சரியான கோணத்தில் நன்றாக ஓடினால் முண்டுகளால் பெரிய இலாபம் இல்லை. காற்றுப் பிரியும் நிலைக்குக் கிட்ட ஓடும்போதுதான் பலன்.

இப்போது என்னுடைய துறைக்கு வருகிறேன். 10 கிலோவோற் மின்சாரம் எடுக்கும் விசிறி வருடத்துக்கு 6,000 மணித்தியாலம் ஓடினால் 60,000 அலகு. அலகு 12 சதம் என்று வைத்தால் 7,200 டொலர். இறக்கையைச் சீராக்கி 20 வீதம் மிச்சம் பிடித்தால் 1,440 டொலர். அதோடு இன்னொரு விதி இருக்கிறது. விசிறி எடுக்கும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறும். வேகத்தை 80 வீதமாகக் குறைத்தால் சக்தி 51 வீதமாகிவிடும். கசிவை அடைத்து, இறக்கையைத் திருத்தினால், அதே காற்றைக் குறைந்த வேகத்திலேயே பெறலாம்.

அந்தத் தொழிற்சாலையில் நாங்கள் புதிய இறக்கை வாங்கவில்லை. ஐயா சொன்னபடி இறக்கைகளைக் கழுவி, கோணங்களை ஒன்றாக்கி, நுனி இடைவெளியை ஒடுக்கி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பூட்டினார்கள். விசிறிகளுக்குத் தனி மீற்றர் போட்டு அளந்தோம். செலவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு விசிறிகளும் ஓடின. அந்த அக்கா அதே இடத்தில்தான் நின்றார்.

பேக்கரி, உடுப்புச் சலவை, பொதி கட்டும் இடம் என்று தொழில் நடத்தும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கட்டணம் கூடினால் உடனே ஆளியை அணைக்காதீர்கள். தெரிந்த ஒருவரைக் கொண்டு இறக்கையைப் பார்ப்பியுங்கள். நீங்களாக ஏறிக் கை வைக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்ட பிறகுதான் கிட்டப் போக வேண்டும். உங்கள் கணக்காளர் "விசிறியை நிறுத்துங்கள்" என்று எழுதித் தந்தால், அவரை ஒரு கோடை நாள் மத்தியானம் தொழிற்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் நிற்க வையுங்கள். நான் அதைச் செய்யாமல் எழுதிய கணக்குத்தான் பிழைத்தது.