பாட்டால் கற்கும் மொழி; வீட்டால் வாழும் மொழி

(பிள்ளைச்சாவடித் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிறமொழி கற்றல் குற்றமன்று. தன்மொழி துறத்தலே குற்றம். தனித்தமிழுக்கு வித்திட்ட மறைமலையடிகள் வடமொழியும் ஆங்கிலமும் ஆழக் கற்றவர்; பாவாணரோ பன்மொழி ஆய்ந்தவர். ஆகலின், தமிழிளைஞர் ஒருவர் போர்த்துக்கீசியம் கற்க விழைவாராயின் அவரைத் தடுத்தல் வேண்டா. அம்மொழி இன்று எவ்வாறு கற்கப்படுகின்றது என்பதைக் கூர்ந்து நோக்குக. அதில் தமிழர்க்கு ஒரு பாடம் உண்டு.

போர்த்துக்கல் நாட்டு மக்கள் ஏறத்தாழ 1 கோடியர். அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்டிருந்து 1822-இல் விடுதலை பெற்ற பிரேசிலிலோ, 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 20 கோடிக்கு மேற்பட்டோர் உளர். அம்மொழியை நாடி வரும் அயலாருள் பலரை ஈர்ப்பது இலக்கண நூலன்று. பிரேசிலின் பாட்டும் தொடர்கதையும் கால்பந்தாட்டமுமே. எழுத்தில் 'பிரசில்' என முடியும் தம் நாட்டுப் பெயரை அம்மக்கள் 'பிரசியு' என்றே ஒலிப்பர். இறுதி லகரம் உகரமாய்க் குழையும் இவ்வியல்பை நூல் ஒரு வரியிற் சொல்லும். பாட்டோ செவியிற் பதிக்கும். 1977-இல் 'கபிரியேலா' என்னும் பிரேசில் தொலைக்காட்சித் தொடர் போர்த்துக்கல்லிலேயே ஒளிபரப்பாகி, தாய்நாட்டார் செவிக்குச் சேய்நாட்டுப் பேச்சைக் கொண்டு சேர்த்தது.

1962-இல் தோன்றிய 'இப்பனேமா நங்கை' என்னும் பிரேசிற் பாட்டின் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் 1964-இல் வெளிவந்த பெரிய இசைத்தட்டில் போர்த்துக்கீசியப் பகுதி முன்னும் ஆங்கிலப் பகுதி பின்னுமாக அமைந்தன. சுருக்கி வெளியிட்ட சிறு தட்டிலோ போர்த்துக்கீசியப் பகுதியையே வெட்டிவிட்டனர்! பாட்டைக் கொண்டனர், மொழியைத் தள்ளினர். ஆயினும் பிரேசிலார் தம் மொழியிற் பாடுதலை விட்டாரல்லர். அதனாலன்றோ அப்பாட்டைத் தேடிச் செல்வோர் இன்று அம்மொழியையும் தேடிச் செல்கின்றனர்!

அங்ஙனமாயின், பாட்டு மட்டுமே ஒரு மொழியைக் காத்துவிடுமோ? இதற்கு விடை தொலைவில் இல்லை. ஈழத்து மட்டக்களப்பில் உள்ளது. 1505-இல் இலங்கையில் இறங்கிய போர்த்துக்கீசியர் 1658-இல் ஒல்லாந்தரால் முற்றும் வெளியேற்றப்பட்டனர். ஆள்வோர் போயினர், மொழி போகவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் அதன் கலப்பு வடிவத்தை மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவந்தனர். அவர்தம் திருமணங்களில் அம்மொழிப் பாட்டும் 'காப்பிரிஞ்ஞா' ஆட்டமும் நிகழும். ஆனால், இளையோர் வாயில் பேச்சு அருகிவிட்டது. மணவீட்டில் ஒலிப்பது மனையில் ஒலிப்பதில்லை. அங்கு அதன் இடத்தைப் பற்றியது பெரும்பாலும் தமிழே! தமிழ் வென்றதென்று மகிழ்தற்கு இதில் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தால் தமிழர்க்கு நேர்வது எதுவோ, அதுவே தமிழால் அச்சிறு கூட்டத்தார்க்கு நேர்ந்தது. நம் நோயைப் பிறர் உடலிற் கண்டு நகைத்தல் அறமாகாது.

இனித் தமிழின் நிலையைப் பாருங்கள். 1995-இல் வந்த 'முத்து' என்னும் திரைப்படம் 1998-இல் சப்பானில் ஓடிற்று. அதன் வழியே தமிழ் கற்கப் புகுந்த சப்பானியரும் உளர். செவியை நம்பி வரும் அவர்க்குத் திரைப்பாட்டே பாடநூல். அப்பாட்டில் ஆங்கிலம் பாதி, தமிழ் பாதியாயின், அவர் எதைக் கற்பார்? அயலார் இருக்கட்டும், பிள்ளைச்சாவடிக் குழந்தை எதைக் கற்கும்?

முன்னோர்க்குச் சொல்லாக்கும் திறம் இருந்தது. அமெரிக்க நிலங்களினின்று போர்த்துக்கீசியர் வழியே வந்த காய்க்கு, மிளகு என்னும் தம் சொல்லினின்றே 'மிளகாய்' எனப் பெயரிட்டனர். பண்ணுருட்டிப் பக்கம் செழிக்கும் முந்திரியும் பிரேசில் மரமே. மரம் வந்தது, அந்நாட்டுப் பெயர் வரவில்லை. ஆனால், தொன்றுதொட்டு இங்கிருந்த திறவுகோல் 'சாவி' ஆயிற்று. சிலம்பு கூறும் காலதர் 'சன்னல்' ஆயிற்று. இவ்விரண்டும் போர்த்துக்கீசியச் சொற்கள். புதியதற்குப் பெயர் படைத்த வாய், பழையதன் பெயரை மறந்தது! இஃது இல்லாமையால் வந்த கடனன்று. சோம்பலால் வந்த இழப்பு.

ஆகவே, தாய்மாரே! 'சாவி எங்கே?' என்று பிள்ளை கேட்டால், 'இந்தா, திறவுகோல்' என்று கையிற் கொடுங்கள். இரவில் தமிழிற் பாடித் துயிற்றுங்கள். விடிந்தபின் அத்தமிழிலேயே சோறூட்டுங்கள். இளைஞர்களே! பிரேசிற் பாட்டையும் கேளுங்கள், போர்த்துக்கீசியமும் கற்றுக்கொள்ளுங்கள். கற்றபின், அம்மக்கள் தம் மொழியிற் பாடுதல்போல் தமிழிற் பாடுங்கள். பாட்டு ஒரு மொழியை வாயில்வரை அழைத்துவரும். உள்ளே அமர்த்தி வாழ்விப்பது வீடே. அவ்வீட்டின் திறவுகோல் தமிழர் கையில்தான் உள்ளது.

வாழ்க தமிழ்!