மரத்துக்கு மொட்டை அடிக்க வேண்டாம்

(பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



மழைக்காலம் நெருங்கும்போது நகரத்துப் பள்ளிகளில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மின்கம்பியில் கிளை உரசுகிறது, காற்றில் ஒடிந்து பிள்ளைகள் மேல் விழுந்துவிடும் என்று ஆள் வைத்து மரத்தை வெட்டுகிறோம். அந்த அச்சம் நியாயமானது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால், பாதுகாப்புக்கென்று நாம் செய்யும் வெட்டு, முறை தவறினால் சில ஆண்டுகளில் அதுவே ஆபத்தாகிறது.

நமக்கு முழங்காலில் சிராய்த்தால் புதிய தோல் வளர்ந்து காயம் ஆறிவிடும். மரத்தின் காயம் அப்படி ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். தீப்பிடித்த அறையின் கதவை அடைப்பதுபோல, அழுகல் பரவாதபடி மரம் காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்புகிறது. மேலே புதிய கட்டை வளர்ந்து மூடுகிறது. பழைய காயம் உள்ளேயே இருக்கிறது.

அந்தத் தடுப்பு வலுவாக அமையும் இடம் ஒன்று உண்டு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போன்ற புடைப்பைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினால் காயம் சீக்கிரம் மூடும். அழகுக்காகத் தண்டோடு ஒட்ட வெட்டினால் மோதிரமே போய்விடும். ஓரடி முளை விட்டு வெட்டினால் அந்த முளை காய்ந்து, பூஞ்சை உள்ளே நுழைய வழியாகும். வெட்டுவாயில் தாரோ பெயிண்டோ பூசுவதும் அழுகலைத் தடுக்காது.

எல்லாவற்றிலும் கெடுதலானது மொட்டை அடிப்பது. ஒளிச்சேர்க்கை பற்றி நாம்தான் பாடம் நடத்துகிறோம். இலை முழுவதையும் கழித்துவிட்டால் மரம் எதைக் கொண்டு உணவு தயாரிக்கும்? சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து அவசரமாகத் துளிர் விடுகிறது. நிழலிலேயே இருந்த பட்டை வெயிலில் வெடிக்கிறது. அடுத்த ஆண்டு கொத்துக் கொத்தாகத் தழைத்ததைப் பார்த்து, மரம் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்கிறோம். அந்தப் புதுக்கிளைகள் பட்டையை ஒட்டிய மேற்கட்டையில் மட்டுமே பிடித்திருப்பவை. அவை வேகமாக உயர்ந்து மறுபடியும் கம்பியைத் தொடுகின்றன. கீழே வெட்டுவாய் உளுத்துக்கொண்டிருக்க, மேலே கனம் கூடுகிறது. ஒரு பலத்த காற்றில் கிளை பிய்ந்து விழுகிறது. அந்த நிழலில்தான் நம் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிடுகிறார்கள்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ந்த கிளை, ஒடிந்த கிளை, கம்பியை நோக்கிப் போகும் கிளை ஆகியவற்றை முறைப்படி கழிக்கலாம். கனமான கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். முதலில், தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். அடுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டினால் பட்டை உரியாமல் கிளை விழும். கடைசியாக, மிஞ்சிய முளையை மோதிரத்துக்கு வெளியே அறுக்க வேண்டும். ஒரே தடவையில் மரத்தின் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கம்பியை ஒட்டிய வேலையை மின்வாரியப் பணியாளர்களிடமே விட்டுவிடுங்கள். மாணவரை மரத்தில் ஏற்றவே வேண்டாம்.

உங்கள் பள்ளிக்குச் சென்றதும் பசுமைப் படை மாணவர்களோடு வேம்பு, புங்கம், வாகை என்று எந்த மரம் இருந்தாலும் அதன் பழைய வெட்டுவாய்களைப் பாருங்கள். சுற்றிலும் வளையமாகப் புதுக்கட்டை வளர்ந்து மூடியிருந்தால் நல்ல வெட்டு. பொந்து விழுந்து, தட்டினால் மொத்தென்று ஒலித்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அந்தக் கிளையின் கீழ் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

அடுத்த முறை அரிவாளோடு ஆள் வரும்போது உடன் நில்லுங்கள். “அண்ணே, தலையை மொட்டை அடிக்காதீங்க. இந்தக் கிளை மட்டும் போதும், மோதிரத்தை விட்டு வெட்டுங்க” என்று காட்டிச் சொல்லுங்கள். அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுப்பது நம் தொழில்தானே!