எண்ணிக்கையில் இல்லை வேண்டுதல்

(தைப்பூச விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூசத்திற்கு முதல் நாள், பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி இரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுவது நெடுநாள் மரபாகும். 2017ஆம் ஆண்டில் முதன்முறையாகத் தங்க இரதமும் பவனி வந்தது. இரதம் வரும் வழியெங்கும் தேங்காய்கள் குவியல் குவியலாக வைக்கப்பட்டு, முருகப் பெருமான் எழுந்தருளும் வேளையில் சாலையில் உடைக்கப்படுகின்றன. இந்துக்களோடு சீன அன்பர்களும் பக்தியுடன் இதில் பங்கு கொள்வது பினாங்கு விழாவின் சிறப்பாகும்.

தேங்காய் உடைப்பதன் தத்துவம் யாவரும் அறிந்ததே. வன்மையான ஓடு ஆணவத்தையும், உள்ளிருக்கும் வெண்மை தூய மனத்தையும் குறிக்கும் என்பர் பெரியோர். ஆணவத்தை உடைப்பதற்கு ஒரு தேங்காய் போதும். அண்டை வீட்டாரின் குவியலைவிடத் தம் குவியல் பெரிதாக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் புகுந்துவிட்டாலோ, உடைய வேண்டிய ஆணவமே வளர்ந்துவிடுகின்றது.

சந்நிதியில் அர்ச்சனைக்கு உடைக்கும் தேங்காய் பிரசாதமாகத் திரும்பி வந்து வீட்டுச் சமையலில் சேர்கின்றது. தார்ச்சாலையில் சிதறும் தேங்காயோ பெரும்பாலும் மிதிபட்டுக் குப்பையோடு அள்ளப்படுகின்றது. வெறுங்காலுடன் வரும் காவடி அன்பர்களின் பாதத்தை அதன் ஓடு பதம் பார்ப்பதும் உண்டு. இதனாலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம், உடைக்கும் தேங்காய்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுமாறு பல ஆண்டுகள் வேண்டுகோள் விடுத்துள்ளது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டில் தேங்காய்த் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அவ்வேண்டுகோளின் நியாயம் மேலும் தெளிவாயிற்று.

"முன்னோர் வழக்கத்தைக் குறைக்கலாமா?" என்று சிலர் வினவக்கூடும். வழக்கம் என்பது உடைப்பது. எத்தனை என்பது அவரவர் கூட்டிக்கொண்டது. முன்னரே நூற்றெட்டு என நேர்ந்துகொண்டவர்கள் அதனை நிறைவேற்றட்டும். இனி நேர்ந்துகொள்பவர்கள் ஒன்றை உடைத்து, எஞ்சியதன் விலையை ஏழைக்கென்று நேர்ந்துகொண்டால் வேண்டுதல் குறைந்துபோவதில்லை. 2021ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாகப் பினாங்கில் இரத ஊர்வலம் நடைபெறவில்லை. அன்பர்கள் இல்லத்திலிருந்தே வழிபட்டனர். அதனால் எவருடைய பக்தியும் குன்றிவிடவில்லை.

தைப்பூசத்திற்கும் பசிப்பிணி நீக்குதலுக்கும் உள்ள உறவுக்கு வடலூரே சான்று. வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அங்குத் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல், வருவோர்க்கெல்லாம் அன்னம் வழங்கி வருகின்றது. தைப்பூசத்தன்று சோதி தரிசனம் காண ஆங்குத் திரளும் மக்கள், அவ்வடுப்பையும் கோயிலாகவே போற்றுகின்றனர்.

ஒரு தேங்காய் மூன்று வெள்ளி எனக் கொண்டால், நூறு தேங்காய் முந்நூறு வெள்ளி. சாலையில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதே தொகை ஓர் ஏழை மாணவனுக்குச் சீருடையாகவும் காலணியாகவும் புத்தகப் பையாகவும் ஆகி, ஓராண்டு அவனுடன் பள்ளிக்கு நடந்து செல்லும். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் அத்தகைய பிள்ளையைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

ஆலய நிர்வாகங்கள் செய்யக்கூடியதும் எளியதே. தேங்காய் விற்கும் இடத்தருகே கல்வி உண்டியல் ஒன்றை வைக்கலாம். செலுத்துவோர்க்கு இரசீது தந்து, வரவு எவ்வளவு, எத்தனை பிள்ளைகள் பயன்பெற்றனர் என்பதை அடுத்த ஆண்டு விழா மலரில் கணக்காக வெளியிடலாம். உதவி பெறும் பிள்ளைகளின் பெயர்களை வெளியிடாமல் காப்பது அறம். கணக்குத் தெளிவாக இருக்குமிடத்தில் கொடை தானே பெருகும்.

குடும்பத்திற்கு ஒரு தேங்காய் இறைவன் திருமுன் உடையட்டும். மற்றவை ஒரு பிள்ளையின் வாழ்வில் விளக்காக எரியட்டும். தண்ணீர்மலையில் எழுந்தருளியிருக்கும் பாலதண்டாயுதபாணியின் திருவருள் அனைவர்க்கும் துணை நிற்பதாக.