காது வெறும் வாசல்தான்!

(தலைப்பு: ‘நாம் கேட்பது காதாலா? மனத்தாலா?’ ‘மனத்தாலே’ என்னும் அணியில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசின நண்பர், “காது இல்லாட்டி மனசு என்னத்தைக் கேக்கும்?” என்று கேட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, வாசல் இல்லாட்டி விருந்தாளி உள்ளே வர முடியாதுதான். அதுக்காக, ‘வாங்க’ன்னு கூப்பிடுறது வாசக்கதவா? (சிரிப்பு)

ஒரு கல்யாண வீடு. நாதஸ்வரம், தவில், இருநூறு பேர் பேச்சு. அத்தனைக்கும் நடுவிலே, மூணு வரிசை தள்ளி யாரோ நம்ம பேரைச் சொன்னா டக்குனு திரும்புறோம். அதே ஆளு வீட்டிலே இருக்கும்போது, மனைவி பக்கத்திலே நின்னு “ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க”ன்னா கேக்காது! (பலத்த சிரிப்பு) காது ஒண்ணுதானே ஐயா?

1953-ல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்த்தார். ஹெட்போனை மாட்டி, ஒரு காதிலே ஒரு பேச்சு, மறு காதிலே வேறொரு பேச்சு. ஒன்றை மட்டும் கேட்டுக் கூடவே சொல்லச் சொன்னார். மறு காதிலே ஓடிய பேச்சு நடுவிலே ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை! காது திறந்துதான் இருந்தது. மனசு அங்கே இல்லை.

மனசு எப்படிக் கேட்கிறது? அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போட்டுக் கேட்கிறது. சபாவிலே பாருங்கள். ஆதி தாளம், எட்டு அட்சரம். மிருதங்க வித்வான் கோர்வையை மூன்று தரம் வாசித்துப் பாட்டின் எடுப்பிலே வந்து இறங்குகிறார். தாளம் தெரிந்த ரசிகர், அவர் இறங்குவதற்கு முன்னாலேயே தலையாட்டத் தயாராகிவிடுவார். பக்கத்திலே என்னை மாதிரி ஆளு, தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதுமே கேன்டீனுக்குப் போயிருப்பான்! (சிரிப்பு) அவன் காதிலே குறை இல்லை ஐயா. எதை எதிர்பார்ப்பது என்று அவனுக்கு யாரும் பழக்கிவிடவில்லை.

1999-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை வெளியானது. மூன்று சுரம் சேர்ந்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, நடுநடுவே ஒரு சுரத்தை மட்டும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகப் பிசகவைத்தார்கள். ஒலியைக் கவனிக்காமல் இருந்தபோதே வயலின் கலைஞர்களின் மூளை ‘இது தப்பு’ என்று மின்னலை எழுப்பியது. மற்றவர்களின் மூளை எழுப்பவில்லை. ‘அவங்க காதே விசேஷம்’ என்று எதிரணி சொல்லும். பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு ஒன்று 2025-ல் வந்தது. ஒலி மூளைக்கு ஏறுகிற ஆரம்பப் படிகளிலே, இசை கற்றவர்களுக்குத் தனிச் சிறப்பு எதுவும் காணவில்லை என்றது. அப்படியானால் வித்தியாசம் வாசலில் இல்லை; வீட்டுக்குள்ளே இருக்கிறது! (கைதட்டல்)

நடுவர் ஐயா மணியிலே கை வைக்கிறார். அடிக்கும் முன்னாடியே எனக்குக் கேட்டுவிட்டது. இதுவும் எதிர்பார்ப்புதான்! (சிரிப்பு) ஒரே ஒரு விஷயம் ஐயா.

எங்க அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காதிலே மிஷின் வச்சிருக்காங்க. தனியாகப் பேசினால் புரியும். எல்லோரும் கூடிப் பேசினால், எல்லாக் குரலும் கலந்து பெரிசாகக் கேட்கும். அம்மா சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. புரியுதுன்னே நாங்க நினைச்சோம். ஒரு நாள் கேட்டாங்க: “ஏம்ப்பா, நீங்க சிரிக்கிறப்பல்லாம் நானும் சிரிச்சு வைக்கிறேன். எதுக்குப்பா சிரிச்சோம்?” (அமைதி)

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். முதலில் “அம்மா”ன்னு கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, “சித்தி பொண்ணு கல்யாணத்தைப் பத்திப் பேசறோம்”னு விஷயத்தைச் சொல்லிடுவோம். அப்புறம்தான் பேச்சு. மிஷின் அதேதான். காதும் அதேதான். ஆனா பிடிச்சுக்க ஒரு நூல் கிடைச்சது. இப்போ சில நேரம் எங்களுக்கு முன்னாடியே அம்மா சிரிக்கிறாங்க! (கைதட்டல்)

உங்க வீட்டிலேயும் ஒரு பெரியவர் அப்படிச் சும்மா சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். இன்னைக்கு ராத்திரி விஷயத்தை முதல்லே சொல்லிட்டுப் பேசிப் பாருங்க.

வள்ளுவரும் ‘செவி’ என்று அதிகாரம் வைக்கவில்லை ஐயா. ‘கேள்வி’ என்றுதான் வைத்தார். ஆகவே, நாம் கேட்பது மனத்தாலேயே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)