தொண்டர் தட்டும் கதவு

மலேசியாவில் ஊராட்சி, நகராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு, அடைத்துக்கொண்ட கால்வாய்க்கும் எரியாத தெருவிளக்குக்கும் மாநில மக்கள் தேடிப் போவது பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினரைத்தான். வட்டாரத் தேர்தல் என்றால் அவர்களுக்குச் சட்டமன்றத் தேர்தலே.

அதற்குத் தயாராகும் தொண்டரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் சந்தையில் துண்டுப் பிரசுரம். நண்பகலில் நடவடிக்கை அறையில் கொடிகளை எண்ணிக் கட்டுகிறார். மாலையில் அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்குகிறார். இரவில் கூட்டத்துக்கு நாற்காலி சுமக்கிறார். இத்தனையிலும் பயனுள்ள வேலை எது? கையில் வாக்காளர் பட்டியலோடு படியேறுவதுதான்.

2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் மனுச் செய்யாமலே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால், அவர்களின் தொகுதியை முடிவு செய்வது அடையாள அட்டையிலுள்ள முகவரி. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அட்டையில் பழைய முகவரி இருந்தால் ஓட்டும் அங்கேதான். வாக்களிப்பு நாளன்று இது தெரிந்து என்ன பயன்?

ஆகவே, தொண்டர் கதவைத் தட்டினால், எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்னால் அட்டையை எடுத்துப் பாருங்கள். வீடு மாறியிருந்தால் முதலில் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றுங்கள். அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தேர்தல் ஆணையத்திலும் மனுச் செய்யவேண்டும். கொடிகள் கட்டப்பட்ட பிறகு செய்யும் காரியமல்ல இது.